பாதித் தூக்கத்தில் ஒரு கண்

ரொட்டிக்காரர் கண்ணைத் திருப்பிக் கொடுக்க வந்தபோது, காலை வெளிச்சம் அப்போதுதான் பட்டறையின் ஜன்னலைத் தொட்டிருந்தது. சட்டைப் பையிலிருந்து ஒரு சின்ன டப்பாவை எடுத்து மேசைமேல் வைத்தார். ஏதோ தானே தப்புச் செய்துவிட்டவர்போல இரண்டடி பின்னால் நகர்ந்து நின்றார். இடது கண் இருக்க வேண்டிய இடத்தில் வெள்ளைத் துணி ஒட்டியிருந்தது.

"கோவிச்சுக்காதீங்க மேடம். எனக்கு ஒரு குறையும் தெரியல. பொண்ணுதான்..."

"பொண்ணு என்ன சொல்றா?" என்றாள் அக்கா.

"'அப்பா, இந்தக் கண்ணு தூங்குது'ங்கறா. அஞ்சு வயசு. மடியில வந்து உக்காந்தா வலப்பக்கம்தான் உக்காருவா. தப்பித்தவறி இடப்பக்கம் வந்துட்டா கிசுகிசுன்னு பேசறா. ஏன்டி இப்படிப் பேசறேன்னு கேட்டா, சத்தம் போட்டா கண்ணு முழிச்சுக்குமாம்."

அக்கா சிரிக்கவில்லை. ஜன்னலோரம் தூரிகையைக் கழுவிக்கொண்டிருந்த தங்கைக்குச் சிரிப்பு வந்தது. ஆனால் அக்காவின் முதுகைப் பார்த்ததும் அதை விழுங்கிக்கொண்டாள்.

அது செயற்கைக் கண் செய்கிற பட்டறை. ஒரு பழைய கட்டடத்தின் மாடிப்படிக்குக் கீழே ஒரு கதவு, கதவுக்குப் பின்னால் நீளமாக ஒரே அறை. ஒரு முனையில் வந்தவர்கள் சாய்ந்து படுக்கிற நாற்காலி, மறுமுனையில் மெருகேற்றும் சக்கரம், நடுவில் ஜன்னலை ஒட்டி வண்ண மேசை. கண்குழிக்கு அச்சு எடுப்பது, வெள்ளையை வார்ப்பது, சக்கரத்தில் பிடித்து ஈரம்போல மின்னவைப்பது, வந்தவர்களிடம் பேசுவது, பேச வாய் வராதவர்களைப் பேசவைப்பது எல்லாம் அக்கா. கருவிழியை வரைவதும் வெள்ளையில் நரம்பு வைப்பதும் தங்கை. சட்டைப் பொத்தான் அளவுள்ள கறுப்புத் தகட்டின்மேல், வந்தவரை எதிரே உட்காரவைத்து, அவருடைய மற்றொரு கண்ணைப் பார்த்துப் பார்த்து வண்ணம் வைப்பாள். ஒரு பூச்சு காய்ந்ததும் இன்னொரு பூச்சு. நடுநடுவே மேலே ஒரு சொட்டுத் தெளிந்த பிசின் விட்டுப் பார்ப்பாள். அப்போது தகட்டின் ஆழத்திலிருந்து ஒரு கண் மெல்ல எழுந்துவந்து அவளைப் பார்க்கும். அந்த ஒரு பார்வைக்காகத்தான் அவள் தினமும் வேலைக்கு வருகிறாள் என்று சொன்னால் பொய்யில்லை.

அவள் காலைப் பிறவி. ஊர் கண் திறப்பதற்கு முன்பே அவளுக்குத் தூக்கம் கலைந்துவிடும். அக்கா அவளைச் 'சேவல்' என்றுதான் கூப்பிடுவாள். காலையில் அவள் கை சொன்ன இடத்தில் நிற்கும். முடியை விட மெல்லிய கோட்டை மூச்சை அடக்காமலே இழுப்பாள். மதியச் சாப்பாடு இறங்கியதும், உடம்புக்குள் யாரோ ஒருவர் ஒவ்வோர் அறையாகப் போய் விளக்கை அணைத்துக்கொண்டு வருவதுபோல இருக்கும். முதலில் விரல்கள், பிறகு முதுகு, பிறகு பெயர்கள். எதிரே இருப்பது நீலமா சாம்பலா என்றுகூடச் சந்தேகம் வரும். முகத்தில் தண்ணீர் அடிப்பாள், நின்றுகொண்டு வேலை செய்வாள், காதைக் கிள்ளுவாள், தேநீர்மேல் தேநீராகக் குடிப்பாள். எதற்கும் மசியாது. பட்டறையைப் பூட்டி வீட்டுக்குப் போகும்வரை பாதி ஆளாகத்தான் இருப்பாள்.

அக்கா வேறு ரகம். காலையில் போட்ட சுவிட்ச், படுக்கப் போகும்போதுதான் அணையும். களைப்பு என்பது சோம்பேறிகள் ஒன்றுகூடிக் கண்டுபிடித்த சொல் என்பது அவள் கட்சி.

இந்த வருடம் ஏற்கெனவே இரண்டு கண்கள் நிறம் சேரவில்லை என்று திரும்பி வந்திருந்தன. இரண்டுமே பிற்பகலில் வரைந்தவை. அதனால்தான் அக்கா, வரைகிற வேலையெல்லாம் இனிக் காலையில் மட்டும் என்று சட்டம் போட்டாள். ரொட்டிக்காரரின் கண்ணை அப்படித்தான் வரைந்தார்கள். நல்ல வெளிச்சத்தில், தங்கையின் கை மிக நன்றாக இருந்த ஒரு காலையில். இப்போது அதுவும் திரும்பி வந்துவிட்டது.

"வெள்ளிக்கிழமை மெஷின்காரன் வர்றான்" என்றாள் அக்கா. ரொட்டிக்காரருக்குக் கேட்காதபடி சொல்வதாக நினைப்பு. ஆனால் அவள் குரல் கதவுக்கு வெளியேயும் கேட்கும். "கண்ணைப் போட்டோ எடுக்கும், அப்படியே பிரிண்ட் போட்டுக் குடுக்கும். நானும் இந்தா அந்தான்னு தள்ளிப்போட்டேன். இனி முடியாது. இந்தக் கண்ணு அதுக்குள்ள சரியாகலைன்னா, நீ சக்கரத்துக்கு வந்துடு."

"பிரிண்ட் போட்டா தட்டையா இருக்கும் அக்கா. ஆழம் இருக்காது."

"தட்டையா இருந்தாலும் மூணு மணிக்குத் தூங்காதுடி."

தங்கை டப்பாவைத் திறந்து, அந்தக் கண்ணைக் கழுவி, ரொட்டிக்காரரை நாற்காலியில் உட்காரவைத்து, தானே பொருத்தினாள். இரண்டடி தள்ளி நின்று பார்த்தாள். பக்கத்தில் வந்து பார்த்தாள். வலதும் இடதும் ஒரு தாயின் பிள்ளைகள்போல இருந்தன. பழுப்பு அதே பழுப்பு. கண்மணி அதே அளவு. வெள்ளையில் அவள் பட்டு நூலைப் பிரித்துப் பிரித்து ஒட்டியிருந்த சிவப்பு நரம்புகள், வலது கண்ணில் ஓடியதுபோலவே ஓடின.

"ஒண்ணுமே தப்பில்லையே!" என்றாள் அக்காவும். அவள் குரலில் கோபத்தைவிடக் குழப்பம்தான் அதிகம் இருந்தது.

அப்போது ரொட்டிக்காரர் கொட்டாவி விட்டார். தாடை கழன்று விழுந்துவிடுமோ என்பதுபோல் ஒரு கொட்டாவி. வாயை மூடிக்கொண்டு மன்னிப்புக் கேட்டார்.

"தப்பா நினைக்காதீங்கம்மா. இப்பதான் அடுப்படியிலேர்ந்து நேரா வர்றேன். உங்களுக்கு இது காலைல. எனக்கு இது படுக்கற நேரம்."

தங்கை அவர் வலது கண்ணைப் பார்த்தாள். இமை பாதி இறங்கியிருந்தது. கண்மணி சுருங்கிக் கடுகுபோல இருந்தது. வெள்ளை முழுவதும் செந்நூல். பிறகு இடது கண்ணைப் பார்த்தாள். அவள் செய்தது. அதிலும் அதே கடுகு, அதே செந்நூல்.

"அண்ணா, உங்க பொண்ணு உங்களை எப்பப் பார்ப்பா?"

"சாயங்காலம்தான். நான் எந்திரிச்சு, குளிச்சு, அவளோட கொஞ்ச நேரம் விளையாடிட்டு வேலைக்குக் கிளம்புவேன். அந்த நேரம் எனக்கு ஜம்முனு இருக்கும். தேரையே தனியா இழுக்கலாம்."

"அக்கா, நான் தப்பா வரையல. இவர் தூக்கத்தை வரைஞ்சு வெச்சிருக்கேன்."

ரொட்டிக்காரர் பயந்துபோய், தன் இடது கன்னத்தை மெதுவாகத் தொட்டுப் பார்த்துக்கொண்டார், அங்கே யாரோ உண்மையிலேயே படுத்திருப்பதுபோல.

"சாயங்காலம் வாங்கண்ணா. எந்திரிச்சதும் நேரா வந்துடுங்க" என்றாள் தங்கை, கண்ணைக் கழற்றி டப்பாவில் வைத்து, துணியை மறுபடி ஒட்டிவிட்டபடி.

அவர் போனதும் அக்கா இடுப்பில் கைவைத்துக்கொண்டாள். "சாயங்காலமா? நீயா? சேவல் எப்படி சாயங்காலம் கூவப்போகுதுன்னு நானும் பார்க்கறேன்."

அன்று சாயங்காலம் சேவல் கூவவில்லை.

ரொட்டிக்காரர் தலை ஈரம் காயாமல், சோப்பு வாசனையோடு வந்தார். அவர் நடந்து வந்ததே வேறு மாதிரி இருந்தது. காலையில் கதவைத் தள்ளியவர், இப்போது கதவையே வழிவிடச் சொன்னதுபோல நுழைந்தார். தங்கை மேசை விளக்கைப் போட்டு அவர் கண்ணைப் பார்த்தாள். பார்த்துக்கொண்டே இருந்தாள். கண்மணி விரிந்து கறுத்து நின்றது. அதைச் சுற்றிச் செம்பு நிறத்தில் ஒரு வளையம், வளையத்துக்கு வெளியே பழுப்பு, பழுப்பின் ஓரத்தில் இருக்கிறதா இல்லையா என்று சந்தேகப்படும்படி ஒரு பச்சை. வெள்ளையில் நரம்பே இல்லை என்று சொல்லிவிடலாம். இத்தனை நாளாக இந்த மனிதரை அவள் பார்த்ததே இல்லை.

பார்த்தாள், ஆனால் கை வரவில்லை. மதியத்திலிருந்து அவள் தூக்கத்தோடு மல்லுக்கட்டியிருந்தாள். குடித்த தேநீரெல்லாம் விரல் நுனியில் வந்து நடுங்கியது. செம்பு வளையம் கோணலாகப் போனது. அதைச் சரிசெய்யப் போய்ப் பழுப்பு கலங்கியது. பச்சை வைத்ததும் எல்லாம் சேர்ந்து குட்டையில் கல் எறிந்ததுபோல் ஆகிவிட்டது. பிசின் சொட்டு விட்டாள். அடியிலிருந்து எதுவும் எழுந்து வரவில்லை.

"நான் இன்னும் கொஞ்சம் நேரா உக்காரட்டுமா?" என்றார் ரொட்டிக்காரர், உதவி செய்கிற எண்ணத்தில்.

"இல்லண்ணா. நீங்க சரியாத்தான் உக்காந்திருக்கீங்க."

அக்கா அந்தத் தகட்டை எடுத்துப் பார்த்துவிட்டு எதுவும் பேசாமல் வைத்தாள். திட்டியிருந்தால்கூடத் தேவலாம் என்றிருந்தது தங்கைக்கு.

"நாளைக்கு நான் வரணுமா?" என்று கேட்டார் அவர்.

தங்கை அக்காவைப் பார்த்தாள். அக்கா சுவரைப் பார்த்துக்கொண்டு, "வாங்க. பழைய கண்ணையாவது மெருகேத்தி மாட்டி விடறோம். துணி ஒட்டிக்கிட்டு எத்தனை நாள் போவீங்க?" என்றாள்.

மறுநாள் மதியம் அக்கா அச்சுப்பொடி வாங்கக் கிளம்பினாள். "போன் வந்தா எடு" என்று சொல்லிவிட்டுப் போனாள். பட்டறையில் தங்கை மட்டும். வழக்கம்போல உள்ளே விளக்கணைக்கிற ஆள் வேலையைத் தொடங்கிவிட்டார். தங்கை எழுந்து குழாயடிக்குப் போனாள். திறந்த தண்ணீரில் கையை நீட்டியவள் அப்படியே நின்றாள். முகம் கழுவி என்ன ஆகப்போகிறது? நாளை மறுநாள் மெஷின்காரன் வருவான். சக்கரத்தின் முன் நிற்பதற்குக் கண் திறந்திருந்தால் போதும். அதற்கு இத்தனை வருடம் ஏன் காதைக் கிள்ளிக்கொண்டோம் என்று தோன்றியது. குழாயை மூடினாள். சாய்ந்து படுக்கிற நாற்காலியில், வந்தவர்கள் பயந்துகொண்டே படுக்கிற அதே நாற்காலியில், முதன்முறையாகப் படுத்தாள். 'நீயே ஜெயிச்சுக்கோ' என்று தன் உடம்பிடம் சொன்னதுபோல ஞாபகம்.

தூக்கம் காத்துக்கொண்டிருந்ததுபோல அவளை இழுத்துக்கொண்டது.

கனவில் ஒரு நகரம். வீடுகளுக்கு ஜன்னல் கதவுகள் இல்லை, இமைகள் இருந்தன. தெருவின் இந்தப் பக்கத்து இமைகள் மெல்ல மூட, அந்தப் பக்கத்து இமைகள் திறந்தன. எல்லா இமைகளும் ஒரே நேரத்தில் மூடுவதே இல்லை. மூடிய வீட்டு வாசலில் நடப்பவர்கள் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு நடந்தார்கள். அவள் தன் வீட்டைத் தேடிப் போனாள். அது எப்போதும் பாதி மூடியிருக்கிற வீடு என்று யாரோ சொன்னார்கள். அதன் இமை நடுவில் முட்டுக்கொடுத்த குச்சிகள் வரிசையாக நின்றன. அவள் ஒவ்வொன்றாக உருவி எடுத்தாள். கடைசிக் குச்சியை எடுத்ததும் இமை, பறவை இறகை மடக்குவதுபோலச் சத்தமில்லாமல் மூடியது. உள்ளே தண்ணீர் ஏறுகிற சத்தம் கேட்டது. அவளுக்குப் பயமாக இல்லை. தண்ணீர் வெதுவெதுப்பாக இருந்தது. ஏறியது, ஏறியது, ஏறிப் பின் வடியாமல் அவளைத் தூக்கிக்கொண்டு மேலே வந்தது.

கண் திறந்தபோது அறையில் ஒரு வெளிச்சம் இருந்தது. அது விடியலா பொழுது சாய்கிற நேரமா என்று அவளுக்குத் தெரியவில்லை. உடம்புக்கும் தெரியவில்லை, அது விடியல் என்றே நினைத்துக்கொண்டது. எழுந்தாள். முகம்கூடக் கழுவாமல் நேராக வண்ண மேசைக்குப் போய்த் தூரிகையை எடுத்தாள். புதுத் தகட்டின் ஓரத்தில் ஒரு கோடு இழுத்துப் பார்த்தாள். கோடு சொன்ன இடத்தில் நின்றது.

"நல்லாத் தூங்கினியா, மகாராணி?" அக்காவின் குரல் பின்னாலிருந்து வந்தது. பொடிப் பையோடு சக்கரத்தின் பக்கம் உட்கார்ந்திருந்தாள். "போன் மூணு தடவை அடிச்சிருக்கு. நான் வந்து கதவைச் சாத்தினேன், டப்பாவைக் கீழே போட்டேன், தும்மினேன். ஒரு அசைவு கிடையாது. மூக்குக்குக் கீழ விரல் வெச்சுப் பார்த்தேன்டி!"

"எழுப்பியிருக்கலாமே அக்கா."

"எழுப்பத்தான் வந்தேன்." அக்கா பொடிப் பையின் முடிச்சை இறுக்கினாள். "நீ சின்னப் பிள்ளைல தூங்கற மாதிரி வாயத் திறந்துக்கிட்டு... சரி விடு. இனிமே இது என்ன சத்திரமா?"

தங்கை தன் கையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். ஒரு நாளைக்கு ஒரே ஒரு காலைதான் என்று இத்தனை வருடம் நினைத்திருந்தாள். இரண்டாவது ஒன்று தினமும் அவள் வாசல்வரை வந்து, அவள் மல்லுக்கட்டி ஓய்ந்து கிடப்பதைப் பார்த்துத் திரும்பிப் போயிருக்கிறது.

ரொட்டிக்காரர் வந்தார். பழைய கண்ணை வாங்கிக்கொள்ளக் கையை நீட்டினார். தங்கை அந்தக் கையைப் பிடித்து அவரை ஜன்னலோரம் கொண்டுபோய் உட்காரவைத்தாள். "இன்னும் ஒரே ஒரு தடவைண்ணா."

"ஒரு தடவை என்ன, மாவு பிசையற நேரம் வரைக்கும் உங்க பொறுப்புலதான் இருக்கேன்."

கறுப்பில் தொடங்கினாள். அவர் தன் மகளைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தார். எறும்புக்குக் கல்யாணம் பண்ணிவைத்த கதை, பல் விழுந்ததற்குப் போலீசைக் கூப்பிடச் சொன்ன கதை. சொல்லச் சொல்ல அவர் கண்ணில் கறுப்பு இன்னும் கொஞ்சம் விரிந்தது. தங்கை அதையும் எடுத்துக்கொண்டாள். செம்பை ஒரு மூச்சில் சுற்றி முடித்தாள். பச்சையை வைத்ததும் வைக்காததும்போல வைத்தாள். வெளியே வெளிச்சம் போய்க்கொண்டிருந்தது. மேசை விளக்கு மெல்ல அந்த இடத்தை எடுத்துக்கொண்டது. இவர் வாழ்வதும் விளக்கு வெளிச்சத்தில்தானே என்று அவளுக்குத் தோன்றியது. பிசின் சொட்டு விட்டாள். அடியிலிருந்து ஒரு கண் எழுந்து வந்து, எதைப் பார்த்தோ சிரிக்கப் போவதுபோல நின்றது.

அவள் நிமிர்ந்தபோது அக்கா ரொட்டிக்காரரின் முன் குனிந்து, அவர் வலது இமையையே உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"என்னக்கா?"

"இமை இவ்வளவு மேல நிக்குது" என்றாள் அக்கா மெதுவாக. அவள் அவ்வளவு மெதுவாகப் பேசி யாரும் கேட்டதில்லை. "நான் அச்சு எடுத்ததும் காலைலதான். தொங்கின இமைக்குத் தகுந்த மாதிரி மேல்பக்கம் குறைச்சு வார்த்திருக்கேன். உன் வண்ணத்தை மட்டும் மாத்தினா பத்தாது. என் வெள்ளையும் தூங்குது."

பிறகு அவள் மெழுகைச் சூடாக்கினாள். அதில் பிடித்த மாதிரியைக் கண்குழியில் வைத்து, எடுத்து, மேல்பக்கம் கொஞ்சம் கூட்டி, மறுபடி வைத்துப் பார்த்தாள். இடது இமை எழுந்து வலது இமையோடு நின்றது. "இந்தாங்க, முழிச்சுட்டீங்க" என்றாள் ரொட்டிக்காரரிடம், ஏதோ அவர்தான் இத்தனை நாள் வேண்டுமென்றே தூங்கியதுபோல.

மறுநாள் வியாழக்கிழமை. காலையில் அக்கா வெள்ளையை வார்த்தாள். தங்கை அதில் நரம்பு நூலை எண்ணி எடுக்காமல், வேண்டாமென்று கழித்துக் கழித்து வைத்தாள். மதியம் அக்கா அதைச் சக்கரத்தில் பிடித்து மெருகேற்றினாள். சாப்பாடு முடிந்ததும் தங்கை நாற்காலியில் போய்ப் படுத்துக்கொண்டாள். அக்கா சத்தமாகப் பெருமூச்சு விட்டாள். ஆனால் சற்று நேரத்தில் சக்கரத்தின் இரைச்சல் நின்று, கண்ணை ஈரத்துணியால் கையாலேயே தேய்க்கிற சத்தம் மட்டும் தங்கையின் தூக்கத்துக்குள் வந்தது.

சாயங்காலம் ரொட்டிக்காரர் மகளையும் கூட்டிக்கொண்டு வந்தார். முன்பல் இல்லாத, முழங்காலில் கட்டுப்போட்ட ஒரு பெண். அவள் வாசலிலேயே நின்று அறையை மேலும் கீழும் பார்த்தாள். தங்கை குனிந்து கண்ணைப் பொருத்தத் தொடங்கினாள். அக்கா சும்மா இருக்க முடியாமல் துடைத்த மேசையையே துடைத்துக்கொண்டிருந்தாள்.

பொருத்தி முடித்து, தங்கை விலகி நின்றாள். "பாப்பா, அப்பாவைப் பாரு" என்றாள்.

பாப்பா பார்த்தாள். "அப்பா, இந்த நாற்காலி படுக்குமா?" என்று கேட்டாள்.

"படுக்கும்."

"நான் படுக்கட்டா?"

"அப்பா கண்ணைப் பார்த்துச் சொல்லும்மா முதல்ல" என்றாள் அக்கா, பொறுக்க மாட்டாமல்.

"பார்த்துட்டேனே" என்றாள் அவள். ஓடிவந்து, அப்பாவின் இடப்பக்கமாக முழங்காலை வைத்து ஏறி, மடியில் உட்கார்ந்து, நாற்காலியின் பிடியை ஆட்டத் தொடங்கினாள். "இது எப்படிப் படுக்கும்? எங்க அமுக்கணும்? சொல்லுப்பா! அப்பா! அப்பா!" அந்தச் சின்ன அறை அதிர்ந்தது. வெளியே மாடிப்படியில் போய்க்கொண்டிருந்த யாரோ ஒரு கணம் நின்று கேட்டுவிட்டுப் போனார்கள்.

ரொட்டிக்காரர் மகளின் தலைமேல் தாடையை வைத்துக்கொண்டார். அவருடைய ஒரு கண்ணில் தண்ணீர் வந்தது. மற்றது அதன் பக்கத்தில் பளபளவென்று விழித்திருந்தது. அக்கா அதைப் பார்த்து, "பாருங்க, மெருகு எப்படி நிக்குதுன்னு" என்று சொல்லிவிட்டு, மூக்கைத் துடைத்துக்கொண்டு போனை எடுக்கப் போனாள்.

அவர்கள் கிளம்பிய பிறகு, அக்கா போனில் பேசுவது தங்கைக்குக் கேட்டது.

"நாளைக்கு வர வேண்டாங்க... இல்ல, விலை பிரச்சினை இல்ல... எங்ககிட்ட ஆள் இருக்கு... ஆமா, தூங்கும். தூங்கினா என்ன? உங்க மெஷின் தூங்காதுங்கறதுதான் எனக்கு இப்பப் பயமா இருக்கு."

போனை வைத்துவிட்டுத் திரும்பினாள். "என்ன பார்க்கறே? நாளைலேர்ந்து வர்றவங்ககிட்ட முதல் கேள்வி, எப்ப முழிச்சிருப்பீங்கன்னுதான். அவங்கவங்க நேரத்துக்குத்தான் அச்சும் வண்ணமும். ராத்திரி வேலைக்காரங்க, நர்சுங்க, லாரிக்காரங்க எல்லாம் சாயங்காலம். மதியம் பட்டறை மூடல்." பிறகு, தனக்கே பிடிக்காத எதையோ சொல்கிறவள்போல, "நாளைக்கு வரும்போது வீட்லேர்ந்து ரெண்டு தலையணை எடுத்துட்டு வா" என்றாள்.

"ரெண்டா? எனக்கு ஒண்ணு போதும் அக்கா."

"எல்லாம் உனக்குத்தான்னு நினைப்பா?"

தங்கை பையை மாட்டிக்கொண்டு தெருவுக்கு வந்தாள். வழக்கமாக இந்த நேரத்தில் அவள் எதையும் பார்த்ததில்லை. கால்கள் மட்டும் வீட்டுக்குப் போகும், அவள் பின்னாலேயே போவாள். இன்று தெருவிளக்குகள் ஒவ்வொன்றாக எரிவதைப் பார்த்தாள். எரிவதற்கு முன் ஒவ்வொன்றும் ஒரு தடவை இளஞ்சிவப்பாகத் தயங்கியது. இரும்புக் கதவைப் பாதி இறக்கிவிட்டு ஒரு கடைக்காரர் உள்ளே நின்று தலை வாரிக்கொண்டிருந்தார். பேருந்து நிறுத்தத்தில் சீருடை போட்ட ஒரு பெண், அப்போதுதான் எழுந்த முகத்தோடு, தன் நாளைத் தொடங்கப் போய்க்கொண்டிருந்தாள். அவள் பக்கத்தில் ஓர் ஆள் நின்றபடியே தூங்கினார். பேருந்து வந்ததும் அந்தப் பெண் அவர் தோளை மெதுவாகத் தொட்டாள். தங்கை ஏறவில்லை. அடுத்ததில் போகலாம் என்று, வானத்தில் மிஞ்சியிருந்த அந்த நீல வெளிச்சம் என்ன வண்ணங்கள் சேர்ந்து வந்தது என்று மனசுக்குள் கலந்து பார்த்தபடி அங்கேயே நின்றாள்.